எழுப்ப வேண்டிய நிறுத்தம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அலுவலக வேலையாகப் பத்து நாள் கலிபோர்னியா போனேன்.
2. விடுதியிலிருந்து அலுவலகத்துக்கு விடியும் முன்னால் பேருந்தில் போனேன்.
3. முதல் நாள், பேருந்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை எழுப்பிவிட்டேன்.
4. எழுப்பியது தவறு.
5. மறுநாளிலிருந்து அவரைச் சரியான இடத்தில் எழுப்புவது என் பொறுப்பாயிற்று.
6. கிளம்பும் நாள் வந்தது. பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தேன்.
7. ஊர் திரும்பினேன்.

ஏழாவதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது ஏன் நடந்தது என்று விளங்க எங்கள் ரயிலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நான் கோலார் தங்கவயலில் ஊரிகத்தைச் சேர்ந்தவள். தினமும் இருட்டோடு ஊரிகம் ஸ்டேஷனில் ஏறி ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறேன். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊர்க்காரர்களில் பலருக்கு வேலை பெங்களூரில்தான். பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் பெண்கள் பெட்டி முழுக்கத் தூங்கிப்போகும். யாரை எந்த ஸ்டேஷனில் எழுப்ப வேண்டும் என்பது விழித்திருக்கிறவர்களுக்குத் தெரியும். இதை யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை. நான்கு நாள் ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் தானாக வந்து சேர்கிற கடமை அது. எழுப்பாமல் விட்டு ஒருத்தி கண்டோன்மென்ட் வரை போய்விட்டால் தூங்கினவள் மேல் தப்பில்லை. பக்கத்தில் இருந்தவள் மேல்தான் தப்பு. லீவு போடுகிறவள் முந்தின நாளே ஆள் சொல்லிவிட வேண்டும்: "நாளைக்கு நான் வரமாட்டேன், செல்விய நீ பாத்துக்க."

செல்வி அக்கா என் தோளில் சாய்ந்து தூங்குகிறவர். அவரை எழுப்புவது சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறும் மேரி அக்கா. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே முழங்கையால் ஒரு இடி. "ஏய் செல்வி, ஒயிட்பீல்டு. எந்திரி. உங்க வூட்டுக் கட்டில்னு நெனச்சியா? இந்த நித்யா பொண்ணு தோளு தேஞ்சி போச்சி பாரு."

செல்வி அக்காவுக்கு என் அலுவலகக் கட்டடத்திலேயே துப்புரவு வேலை. ரயிலில் ஒரே பலகையில் வருகிறோம். கட்டடத்தில் அவருக்குப் பின்கதவு, எனக்கு முன்கதவு. கழுத்தில் தொங்கும் அட்டையில் கம்பெனி பெயர் ஒன்றுதான், நாடாவின் நிறம்தான் வேறு. எனக்கு நீலம். ஒப்பந்தக்காரர் ஆட்களுக்குச் சாம்பல்.

அமெரிக்காவிலும் அதே நீலம், அதே சாம்பல்.

நான் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் பொறியாளர். பெங்களூரில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு பலகை எங்கள் அமெரிக்கச் சோதனைக்கூடத்தில் மட்டும் சூடாகி நின்றுவிடுகிறது. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பினார்கள். பெங்களூர்க் குழு வீட்டுக்குக் கிளம்பும் முன் அவர்களோடு பேச வேண்டும் என்றால் நான் அங்கே அதிகாலை ஐந்து மணிக்குச் சோதனைக்கூடத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கம்பெனியின் சொந்தப் பேருந்து கிடையாது. இரவெல்லாம் ஓடும் நகரப் பேருந்து ஒன்றுதான் உண்டு.

திங்கட்கிழமை அதில் ஏறியதும் எனக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே விளக்கு அணைப்பதில்லை. தொப்பியைக் கண் மேல் இழுத்துவிட்டிருந்தார்கள். பையின் வாரைக் கணுக்காலில் சுற்றியிருந்தார்கள். நாங்களும் அப்படித்தான் சுற்றுவோம். எவ்வளவு உழைப்பாளிகள், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று நினைத்தேன். பெரிய பெரிய பைகளாக இருந்தன. சிலருடைய காலடியில் சுருட்டிய கம்பளி. குளிர் ஊர் அல்லவா என்று அதற்கும் நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள். கறுப்பினத்தவர், என் அம்மா வயது இருக்கும். நரைத்த முடியை இழுத்துப் பின்னியிருந்தார். தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கழுத்தில் எங்கள் கம்பெனி அட்டை, சாம்பல் நாடா.

நிறுத்தம் வந்தது. அவர் அசையவில்லை. பக்கத்தில் இருப்பவள் நான்தான். தோளைத் தொட்டு, "மேடம், நம் ஆபீஸ் வந்துவிட்டது" என்றேன்.

அவர் துள்ளி எழுந்து இரண்டு பைகளை அள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார். இறங்கிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்து வளைவில் மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நன்றி" என்றார். நிறுத்தத்தில் இருந்த இரும்புப் பலகையில் போய் உட்கார்ந்தார். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். ஒரு நல்ல காரியத்தோடு நாள் தொடங்கிவிட்ட திருப்தி எனக்கு.

மதியம் கம்பெனி உணவுக்கூடத்துக்குப் போனேன். அங்கே சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நீல நாடா இருந்தால் போதும். ஜப்பான் சாப்பாடு ஒரு பக்கம், மெக்சிகோ சாப்பாடு ஒரு பக்கம். பழத்தை மட்டும் நறுக்க ஓர் ஆள். பச்சைக் காய்கறிகள் வைத்திருந்த மேடைக்குப் பின்னால் காலையில் பார்த்த அம்மாள் நின்றிருந்தார். சட்டையில் 'லொரெய்ன்' என்று பெயர். கண் சிவந்திருந்தது.

"நீதானே காலையில்?" என்றார்.

"ஆமாம் மேடம்."

"மேடம் என்று கூப்பிடாதே, யாரோ என்மேல் வழக்குப் போட வந்த மாதிரி இருக்கிறது. உனக்கு நல்ல மனசு, கண்ணு. ஆனால் நாளைக்கு எழுப்பாதே." என் தட்டில் தக்காளியை வைத்துவிட்டு, "எனக்கு வேலை ஏழு மணிக்குத்தான்" என்று மெல்லச் சொன்னார்.

அப்படியானால் அந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் பலகையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஏன் அவ்வளவு சீக்கிரம் வரும் பேருந்தில் வந்தார் என்பது மட்டும் எனக்கு அப்போதும் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் விழித்திருந்தார். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்தார். நான் கேட்காமலே சொன்னார். அவர் அந்தப் பேருந்தில் வருவதில்லை; அதில் இருக்கிறார். ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை போவது, இறக்கிவிட்டால் இறங்கி, அதே பேருந்தில் திரும்ப ஏறுவது. இரவு முழுக்க அப்படி. பேருந்தில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் என்றார். பத்தொன்பது வருடம் குடியிருந்த கட்டடத்தை யாரோ வாங்கிப் புதுப்பித்து வாடகையை ஏற்றினார்களாம். கொஞ்ச காலம் மகள் வீட்டுக் கார்க் கொட்டகை. பிறகு மகளுக்கே அந்த வீடு இல்லாமல் போய் வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டாள்.

"வேலை இருக்கிறதே" என்றேன். முட்டாள்தனமான வாக்கியம்தான். ஆனால் எங்கள் ஊரில் வேலையும் வீடும் ஒன்றாகவே இருந்தவை. வேலை என்றால் கூடவே வரிசையில் ஒரு லைன் வீடு. கம்பெனியின் சுரங்கத்தில் இறங்குகிறவனுக்குக் கம்பெனி ஓர் அறையாவது கொடுத்தது.

"வேலை இருக்கிறது" என்று அவரும் சொன்னார். "அதனால்தான் சட்டையைத் தேய்க்கிறேன்."

அவர் கணக்கு இப்படி. நான் இறங்கும் இடத்தைத் தாண்டிப் பேருந்து கடைசி நிறுத்தம் வரை போகும். அங்கே நின்று, திரும்பி, சாலையின் மறுபக்கமாக ஆறே முக்காலுக்கு எங்கள் கம்பெனி வாசலுக்கே வரும். ஒப்பந்த ஆட்களை அதற்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள். ஆக, நான் எழுப்பிய இடத்திலிருந்து அவருக்கு இன்னும் இரண்டு மணி நேரத் தூக்கம் இருக்கிறது. அன்றைக்கு அவருக்கு இருந்த ஒரே நீண்ட தூக்கம் அது. அதைத்தான் நான் கெடுத்தேன்.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. விடியற்காலைத் தூக்கம் ஆழமானது. திரும்பி வரும்போது விழிக்காமல், வாசலைத் தாண்டி அடுத்த நகரம் வரை இரண்டு முறை போய்விட்டார். இரண்டு முறையும் தாமதம் என்று எழுதிவிட்டார்கள். மூன்றாவது முறை வேலை இல்லை.

போனில் அலாரம் வைக்கலாமே என்றேன்.

"முதல் போன் தூக்கத்தில் என் கையிலிருந்தே போயிற்று. இதை அணைத்து உள்சட்டைக்குள் வைத்திருக்கிறேன். லைப்ரரியில்தான் சார்ஜ் போட முடியும்."

அந்த நிறுத்தத்தில் இறங்கும் மற்றவர்களிடம் சொல்லலாமே என்றேன்.

"அவர்களுக்கு நான் வீட்டிலிருந்து வருகிற பெண். அது அப்படியே இருக்கட்டும்."

என் நிறுத்தம் வந்துவிட்டது. எழுந்துகொண்டே சொன்னேன்: "திரும்பி வரும்போது கம்பெனி வாசல் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் உட்காருங்கள். வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டுகிறேன்."

"அதற்காக நீ வெளியே வருவாயா?"

"எங்கள் ஊரில் அப்படித்தான்."

அன்று மாலை அம்மாவோடு பேசினேன். அங்கே விடிந்து, அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, ஒழுங்கா சாப்டுறியா? நிப்பட்டு தீந்துபோச்சா?"

அம்மா சுட்டுக் கட்டிக்கொடுத்த காரத் தட்டைதான் நிப்பட்டு. அதை லொரெய்ன் என்ற ஓர் அம்மாவுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி, அவர் கதையையும் சொன்னேன்.

"சும்மா சொல்லாத. அமெரிக்காவுல வூடு இல்லாமயா?" குடம் வழியும் சத்தம் கேட்டது. "அந்தக் கம்பெனிக்காரன் கோட்டர்ஸ் குடுக்கலியா?"

"அவங்க கம்பெனி ஆளு இல்லமா. கான்ட்ராக்ட்."

அம்மா குழாயை மூடினார். "செல்வி மாதிரியா?"

"செல்வி அக்கா மாதிரிதான்."

"செல்விக்கு ஒழுகுனாலும் வூடுன்னு ஒண்ணு கீதே" என்றார். "நல்லா பாத்து எழுப்பு. அந்தம்மா வேல போயிட்டா பாவம் உனக்குத்தான்."

செவ்வாய்க்கிழமையிலிருந்தே தினமும் ஆறரைக்கு மேல் சோதனைக்கூடத்தை விட்டு வாசலுக்கு வந்தேன். பேருந்து வரும். வாசல் பக்கத்து ஜன்னல்களில் தலைகள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். வெள்ளைச் சட்டையைத் தேடி, விரல் மடக்கி மூன்று தட்டு. உள்ளே கண் திறக்கும். முதலில் ஒரு பயம் தெரியும், பிறகு என்னை அடையாளம் கண்டு சிரிப்பு. இறங்கும்போது, வழியில் தற்செயலாகப் பார்த்துக்கொண்ட தோழிகள் போல நடந்துகொள்வோம். "குட் மார்னிங், நித்யா. இன்று சீக்கிரம் வந்துவிட்டாயே" என்பார், மற்றவர்கள் காதில் விழும்படி. நிப்பட்டைச் சூப்பில் நனைத்துச் சாப்பிட்டாராம். "இதைச் செய்தவருக்கு யார் மேல் இவ்வளவு கோபம்? நாக்கு இன்னும் எரிகிறது. இன்னும் இருக்கிறதா?"

வெள்ளிக்கிழமை கை நழுவப் பார்த்தது. பேருந்து வரும் நேரத்தில் எங்கள் கம்பெனியின் சொந்தப் பேருந்து ஒன்று அந்த நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு நின்றது. கறுப்புக் கண்ணாடி, சாய்ந்துகொள்ளும் இருக்கைகள், உள்ளே இரண்டே பேர் மடிக்கணினியோடு. நகரப் பேருந்து அதற்கு முன்னால் தள்ளிப்போய் நின்றது. நான் ஓடினேன். அவசரத்தில் வேறு ஜன்னலைத் தட்டிவிட்டேன். அங்கே தூங்கிய தாடிக்காரர் விழித்து, கண்ணாடிக்கு உள்ளிருந்தே ஏதோ திட்டினார். கேட்கவில்லை, ஆனால் விளங்கியது. பேருந்து நகரத் தொடங்கியது. கூடவே ஓடி அடுத்த ஜன்னலை உள்ளங்கையால் அறைந்தேன். லொரெய்ன் கண் திறப்பதையும், எழுவதையும், ஓட்டுநரை நோக்கிக் கை நீட்டுவதையும் பார்த்தேன். சிவப்பு விளக்கில் கதவு திறந்தது. இறங்கினார்.

இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஆறே முக்கால் தாண்டியிருந்தது, ஏழு ஆகவில்லை.

"திட்டினாரே, அவர் ஒரு பேராசிரியராக இருந்தவர்" என்றார் லொரெய்ன். "மிக நாகரிகமான மனிதர். தூக்கத்தில் மட்டும்தான் திட்டுவார்."

சனிக்கிழமை பிரசன்னா என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அங்கே என்னைக் கவனித்துக்கொண்ட மூத்த பொறியாளர், கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர். சாம்பார் அவரே வைத்திருந்தார். வீடு மலைச்சரிவில். கார் வளைந்து வளைந்து ஏறியபோதே எனக்கு அந்த ஊர் பிடிபட்டது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தால் போதும். அங்கே மேட்டில் சுரங்கத்து வெள்ளைக்காரர் பங்களா, நல்ல காற்று வரும் பக்கமாக. கீழே தங்கக்கல் அரைக்கும் ஆலை, அதன் புழுதிக் காற்று போகும் திசையில் லைன் வீடுகள். எங்கள் ஊர் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் இன்றைக்கும் அந்தப் படம் கலையவில்லை. இங்கே மேடு இருக்கிறது, ஆலை இருக்கிறது. லைன் வீடுகளைத்தான் காணோம். அவை சக்கரத்தின் மேல் ஏறிவிட்டன.

பிரசன்னா வீட்டுப் பின்கட்டில் மரத்தளம். அங்கிருந்து கீழே பள்ளத்தாக்கு முழுக்க விளக்குகள். "அதோ, நம்ம கேம்பஸ்" என்று காட்டினார். அதற்குப் பக்கத்துச் சாலையில் உள்ளே வெளிச்சத்தோடு நீளமாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"நான் அந்த பஸ்லதான் வர்றேன்" என்றேன்.

"அய்யோ, அதுலயா? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. அதுல எல்லாம் யாரும் போகமாட்டாங்க."

"நிறையப் பேர் இருக்காங்க சார். நம்ம கேண்டீன் லொரெய்ன்கூட அதுலதான்." பேருந்திலேயே வாழ்கிறார் என்பதைச் சொல்லவில்லை. அது அவருடைய விஷயம்.

"யாரு லொரெய்ன்?"

"காய்கறி மேடையில இருப்பாங்களே."

"ஓ, அந்த சாலட் லேடியா." தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாலு வருஷமா சாப்பிடறேன். பேர் கேட்டதில்ல பாருங்க." வெட்கப்பட்டார். பிறகு, யாரோ குற்றம் சாட்டியது போல, "எங்களுக்கும் இங்க நிலையில்ல நித்யா. வேலை போனா விசாவும் போச்சு, அறுபது நாள்ல நாட்டை விட்டுப் போகணும். இந்த வீட்டுக் கடன் இருக்கே, அதை நினைச்சா நானும் தூங்கறதில்ல" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனாலும் அவர் தூங்காத கட்டில் ஒன்று வீட்டுக்குள் இருந்தது.

திங்கட்கிழமை மின்னணுப் பலகையின் கோளாறு பிடிபட்டது. காற்றோட்டத்துக்கான துளையை அங்கே ஒரு ஒட்டுத்தாள் மூடியிருந்தது. கம்பெனியின் பெயர் அச்சிட்ட அழகான ஒட்டுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். புதன்கிழமை கிளம்பலாம் என்றார்கள்.

அன்று மதியம் உணவுக்கூடம் மூடும் நேரத்தில் லொரெய்னைப் பார்க்கப் போனேன். மிஞ்சிய தட்டுகளைப் பெரிய பச்சைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நறுக்கிய பழம், வறுத்த மீன், தொடாத சோறு. சாம்பல் நாடாக்காரர்கள் அதை எடுத்துப்போகக் கூடாது என்று விதி. "முதல் வாரம் அழுதேன்" என்றார். "இப்போது பழகிவிட்டது. கை தனியாக வேலை செய்கிறது."

"புதன்கிழமை காலையோடு நான் கிளம்புகிறேன்" என்றேன்.

"தெரியும். நீ இல்லாதபோதும் நான் எழுந்துகொண்டுதான் இருந்தேன்" என்றார். பிறகு, "பெரும்பாலும்" என்றார்.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். போகிறவள் ஆள் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வாசல் காவலாளி யோனாஸிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் இன்னொரு தட்டை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார். யோனாஸுக்குச் சொன்னால் ஒருவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் மூன்றாவது தாமதம் என்றைக்கோ ஒரு நாள் வரும்.

"அவரிடம் மட்டும்" என்றார்.

யோனாஸ் எரித்ரியாவிலிருந்து வந்தவர். ஒல்லியாக உயரமாக இருப்பார். வாடகை மலிவான ஊரில் குடியிருந்துகொண்டு தினமும் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர். நான் எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடி தட்டுகிறாயே, அதைப் பற்றித்தானே?" என்றார் அவரே. "இந்த வாசலில் நின்றுகொண்டு நான் வேறு எதைப் பார்ப்பேன்? தூக்கம் போதாதவரை எனக்குத் தெரியும். நானும் வழியில் காரை ஓரங்கட்டித்தான் தூங்குகிறேன்."

"பேருந்து வரை போய்த் தட்ட முடியுமா?"

"வாசலை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் என் வேலை போய்விடும்." இடுப்பிலிருந்த டார்ச்சை எடுத்து எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டினார். "ஆனால் இது நகரும்."

செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தோம். நான் வாசலிலேயே யோனாஸ் பக்கத்தில் நின்றுகொண்டேன். பேருந்து வந்து நின்றது. வெளிச்சம் ஜன்னல் ஜன்னலாகப் போய் வெள்ளைச் சட்டையைக் கண்டு நின்றது. கண்ணில் விழாமல் நெற்றி மேல் ஒரு முறை, இரண்டு முறை. எங்கள் ஊரில் தலை விளக்கு கட்டிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் சொல்வார்கள், எதிரில் வருகிறவன் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று. இவருக்கு அதை யார் சொன்னார்களோ.

லொரெய்ன் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். எழுந்தார். இறங்கி நேராக வந்து, "இது என்ன, போலீஸ் என்று நினைத்துவிட்டேன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. ஆனாலும் அதே பேருந்தில் ஏறினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, என் நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி வரை போய்த் திரும்பினேன். வழியில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. செல்வி அக்காவின் எடைதான். வாசல் வந்ததும் நான் அசையாமல் இருந்தேன். வெளிச்சம் வந்து அவரை எழுப்பியது.

விடைபெறும்போது எண்களை எழுதிக்கொண்டோம். "லைப்ரரியில் சார்ஜ் போடும்போது செய்தி அனுப்புகிறேன்" என்றார்.

ஊருக்கு வந்தேன். மறுநாளே ரயில். மேரி அக்கா இடம் போட்டு வைத்திருந்தார்.

"வந்துட்டாடி அமெரிக்காக்காரி. இன்னா வாங்கினு வந்த?"

"சாக்லேட்டுக்கா."

"பத்து நாளா இந்த செல்வி என் தோள்ல தூங்கனா. அதுக்கு கூலி சாக்லேட்டுதானா?"

செல்வி அக்கா சாக்லேட்டைப் பிள்ளைகளுக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டார். லொரெய்னைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தார். ஒயிட்ஃபீல்டு வரை தூங்கவில்லை.

"அந்தம்மாவுக்கு ராத்திரி காலு நீட்டவே முடியாதா?" என்று மட்டும் கேட்டார்.

வாரத்துக்கு ஒரு செய்தி வந்தது. "இந்த வாரம் ஐந்து நாளும் வெளிச்சம் வந்தது." அடுத்த வாரம், "ஐந்துக்கு ஐந்து. யோனாஸுக்கு உன் அம்மாவின் எரிகிற பலகாரம் வேண்டுமாம்." அதற்கடுத்த வாரமும் ஐந்துக்கு ஐந்து.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பெங்களூர் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கம்பெனிக்கு அந்தக் காலாண்டில் நல்ல லாபம். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். செல்வி அக்கா காகிதத் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். அன்று மாலை ரயிலில் வரும்போது, மாலூர் தாண்டியதும், செய்தி வந்தது.

"கண்ணு, அலுவலகத்துக்கு ஆட்கள் இனி வாரத்தில் மூன்று நாள்தான் வருவார்களாம். சமையற்கூடத்தில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். என்னையும். நீ போன பிறகு நான் ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யோனாஸிடம் இனி வெளிச்சம் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

பங்காரப்பேட்டை வருவதற்குள் இரண்டு முறை எழுதி அழித்தேன். பிறகு, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பேருந்தில்தான். இப்போது கடைசி வரை தூங்கலாம். என்னை எழுப்ப வேண்டிய நிறுத்தம் எதுவும் இல்லை."

பிரசன்னாவுக்கு எழுதினேன். விசாரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். சமையற்கூடம் வேறு ஒப்பந்தக்காரருடையது, கம்பெனியில் யாருக்கும் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. காய்கறி மேடையை எடுத்துவிட்டார்களாம். இப்போது பெட்டியில் அடைத்து வைக்கிறார்களாம். "பேர் தெரிஞ்ச பிறகு ஒரு வாரம் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்" என்றும் எழுதியிருந்தார்.

இன்றைய நிலவரம் இது. மின்னணுப் பலகை சூடாகாமல் வேலை செய்கிறது. யோனாஸ் அதே வாசலில் நிற்கிறார். செல்வி அக்கா என் தோளில் தூங்குகிறார், ஒயிட்ஃபீல்டில் எழுப்புகிறோம். லொரெய்னிடமிருந்து செய்தி வந்து ஐந்து வாரம் ஆகிறது. அந்தப் பேருந்து இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் அதில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.